அறியாதார்க்குத் திறக்கும் கதவு: விருந்தோம்பல் அமைப்புகள் பற்றிய ஒரு பாடம்



விருந்து என்னும் சொல்லை இன்று நாம் உற்றார்க்கும் நண்பர்க்கும் படைக்கும் சிறப்புணவு என்னும் பொருளில் வழங்கி வருகின்றோம். பண்டைத் தமிழில் இச்சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதாகும். புதிதாய் வருபவரே விருந்தினர். முன்னறிமுகம் இல்லாதவரே விருந்தினர். உறவினரைப் பேணுதல் சுற்றந்தழால் என வேறாக வைத்து எண்ணப்பட்டது. திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரமாகவும், சுற்றந்தழால் 53ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே நிற்றல் காண்க. ஆகவே அறியாத ஒருவரை இல்லத்துள் ஏற்பதே விருந்தோம்பல் என்னும் சொல்லுக்கு உரிய பொருள் என்பது தெளிவு.

அதிதி என்னும் வடசொல்லும் நாள் குறித்து வாராதவர் எனப் பொருள் கூறப்பெறுவது. இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் அதிதி சம்விபாகம் ஒன்று என்பதை நாம் அறிவோம். அது முதன்மையாக முனிவர் முதலிய நற்பாத்திரங்கட்கு ஆகாரம் முதலியன அளித்தலைக் குறிப்பது. இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவது அவ்விரதம் அன்று. ஊர்விட்டு ஊரும், நாடுவிட்டு நாடும் செல்லும் எளிய பயணிகள், விடுதியை நாடாது ஒருவர் இல்லத்தில் ஒருவர் தங்கி உறவு கொள்ளும் முறையையே இங்கு ஆராய்வோம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். எனினும், கொடுப்போன் உள்ளத்தில் இருக்க வேண்டிய தூய்மை இரண்டுக்கும் பொதுவானதே.

இரு தடைகள்

அறியாதவர் இருவர் ஓர் இல்லத்தில் சந்திப்பதற்கு இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று இல்லத்தாரின் அச்சம். வருபவர் யார், எத்தகையவர் என்னும் ஐயம். மற்றொன்று பயணியின் நாணம். பிறர்க்குச் சுமையாகின்றோமோ, இரந்து நிற்கின்றோமோ என்னும் கூச்சம். அச்சத்தையும் நாணத்தையும் ஒருங்கே நீக்கும் வழி கண்ட சமுதாயங்களில் விருந்தோம்பல் தழைத்தது. அவ்வழி காணாத இடங்களில் அது நூலளவில் நின்றுவிட்டது.

பண்டை உரோமர் கண்ட வழி ஒன்று உண்டு. விருந்தளித்தவரும் விருந்தினரும் ஓர் அடையாளப் பொருளை இரு கூறாக்கி, ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வர். பல்லாண்டுகள் கழித்து ஒருவர் மக்கள் மற்றவர் மக்களின் வாயிலில் வந்து நிற்பினும், இரு கூறுகளும் பொருந்துவது கொண்டு கதவு திறக்கும். அவர்தம் இலத்தீன் மொழியில் விருந்தளிப்பவர்க்கும் விருந்தினர்க்கும் ஒரே சொல் வழங்கியது என்பதும் எண்ணத்தக்கது. இன்று அளிப்பவர் நாளை பெறுபவர் ஆவர் என்னும் உண்மை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

நம் தமிழில் இதற்கு இன்னும் உயர்ந்த சான்று சிலப்பதிகாரத்தில் இருக்கின்றது. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனும் கண்ணகியும் எவரையும் அறியாதவராய் நிற்கின்றனர். கவுந்தியடிகள் அவர்களை இடையர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கின்றார். மாதரிக்கு அவ்விருவரையும் முன்பின் தெரியாது. ஆயினும் ஈன்ற தாயும் பேணும் தோழியுமாய் இருந்து காக்கும் பொறுப்பை அடிகளின் சொல் ஒன்றையே நம்பி ஏற்கின்றாள். அடிகளும் கண்டாரிடமெல்லாம் அவர்களை ஒப்படைக்கவில்லை. மாதரியின் இயல்பையும், ஆயர் வாழ்க்கையின் தீமையின்மையையும் எண்ணிப் பார்த்த பின்னரே ஒப்படைக்கின்றார். இரு புறமும் அறிந்த ஒருவர் நடுவே நின்று உறுதி கூறுதல் என்னும் முறை இதுவேயாம்.

மேலும் ஒன்று நோக்குக. வந்தவர்கள் சாவக நோன்பினர் என்பதை மாதரி அறிந்தாள். அவர்தம் நோன்புக்கு ஏற்பப் பகலில் சமைத்துண்ண உதவும் கலங்களையும், பலா, வெள்ளரி, மாதுளை முதலியவற்றின் காய்களையும், மா, வாழைக் கனிகளையும், அரிசியையும், பாற்பயனையும் அளிக்கச் செய்தாள். தன் வழக்கத்தை அவர்மேல் சுமத்தவில்லை. அவர் வழக்கத்திற்காகத் தன் குலவழக்கை விடவும் இல்லை. வேறு வேறு நெறியினர் ஒரு கூரையின் கீழ்த் தங்குதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

செர்வாஸ் தோன்றிய வரலாறு

இனி நம் காலத்திற்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிவுற்றபோது ஐரோப்பிய நாடுகள் ஒன்றையொன்று அஞ்சியும் வெறுத்தும் நின்றன. அப்போரில் படைக்கலம் ஏந்த மறுத்தவர்களுள் ஒருவர் பாப் லூயிட்வைலர் என்னும் அமெரிக்கர். காந்தியடிகளின் அகிம்சை நெறியில் ஈடுபாடு கொண்ட அவர், போர் முடிந்த பின் டென்மார்க் நாட்டிற்குச் சென்று, அங்குள்ள நாட்டுப்புற மக்கள் கல்விக்கூடங்களைப் பற்றி அறிந்துவந்தார். 1949ஆம் ஆண்டில் அவரும் நண்பர் சிலரும் கூடி, அமைதியைக் கட்டுவோர் என்னும் பொருள் தரும் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினர். 1952இல் அதற்குச் செர்வாஸ் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. அது எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழிச் சொல். தொண்டு செய்தல் என்பது அதன் பொருள்.

அவர்கள் கருத்து எளிமையானது. ஒரு நாட்டாரை மற்றொரு நாட்டார் பகைப்பதற்குப் பெருங்காரணம் அறியாமையே. விடுதியில் தங்கிக் கோபுரங்களையும் கடைவீதிகளையும் கண்டு திரும்புபவர் அந்நாட்டு மக்களை அறிவதில்லை. ஒரு குடும்பத்தின் அடுக்களையில் அமர்ந்து, அவர் உண்பதை உண்டு, அவர் கவலைகளைக் கேட்டுத் திரும்பியவர்க்கு அந்நாட்டின்மேல் குண்டு வீசுதல் எளிதன்று. தனி மனிதர் நட்பே நாடுகளின் அமைதிக்கு அடிப்படை என அவர்கள் நம்பினர். செர்வாஸ் இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியுள்ளது. நம் பாரத நாட்டிலும் அதன் உறுப்பினர் இல்லங்கள் உள்ளன. ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்பாகவும் அது விளங்குகின்றது. தோற்றுவித்தவருள் முதல்வரான லூயிட்வைலர் 2008இல் மறைந்தார். அமைப்பு தொடர்ந்து நடைபெறுகின்றது.

அதன் நடைமுறை

செர்வாஸ் வகுத்துக்கொண்ட விதிகளை ஒவ்வொன்றாகக் காண்போம். மேற்கூறிய இரு தடைகளையும் அவை எங்ஙனம் நீக்குகின்றன என்பதை உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1. பயணம் செய்ய விரும்புபவரை அவர் நாட்டிலுள்ள செர்வாஸ் தொண்டர் ஒருவர் முதலில் நேர்காண்பார். பயணத்தின் நோக்கம் செலவைக் குறைப்பது மட்டுமா, மக்களை அறியும் விருப்பமும் உண்டா என்பதை ஆராய்வார். அதன் பின்னரே அறிமுக மடல் வழங்கப்பெறும். இது கவுந்தியடிகளின் சொல்லுக்கு ஒப்பானது.

2. பயணி முன்கூட்டியே எழுதியோ பேசியோ இல்லத்தாரின் இசைவைப் பெற வேண்டும். இயலாது எனக் கூறும் உரிமை இல்லத்தார்க்கு எப்பொழுதும் உண்டு. காரணம் கூற வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

3. தங்கும் காலம் பொதுவாக இரண்டு இரவுகள். இல்லத்தார் தாமே விரும்பி அழைத்தாலன்றி அதனை நீட்டிக்கலாகாது. எல்லை முன்பே தெரிந்திருப்பதால் இல்லத்தார்க்குச் சலிப்பும், பயணிக்குக் கூச்சமும் எழுவதில்லை.

4. இல்லத்தார்க்கும் பயணிக்கும் இடையே பணம் கைமாறலாகாது. அமைப்பின் செலவிற்காக உறுப்பினர் செலுத்தும் கட்டணம் வேறு. உண்ட உணவிற்கும் படுத்த பாய்க்கும் விலை தருதல் வேறு. முன்னது உண்டு, பின்னது இல்லை.

5. தங்க இடம் அளிக்க இயலாதவர் பகற்பொழுது விருந்தினரைச் சந்தித்து ஊரைக் காட்டலாம். ஒருவேளை உணவைப் பகிர்ந்துகொள்ளலாம். சிறிய இல்லம் உடையவரும் இதனால் விருந்தோம்பலில் பங்கு கொள்ள முடிகின்றது.

இவ்விதிகளை மேலோட்டமாகக் காண்பவர், அன்புக்கு விதி எதற்கு என வினவக்கூடும். வேலி பயிரைத் தடுப்பதற்கன்று, காப்பதற்கே. அச்சம் நீங்கிய பின்னரே அன்பு வெளிப்படும். அச்சத்தை நீக்கும் பணியையே இவ்விதிகள் செய்கின்றன.

மொழியால் இணைந்தோர்

எஸ்பெராண்டோ மொழியை 1887இல் வார்சாவில் உலகிற்கு அளித்தவர் ஜாமன்ஹாஃப் என்னும் மருத்துவர். அம்மொழி பேசுவோர் 1974ஆம் ஆண்டு முதல் பாஸ்போர்த்தா செர்வோ என்னும் முகவரிக் கையேட்டை வெளியிட்டு வந்தனர். அக்கையேட்டில் பெயர் கொடுத்தவர் இல்லத்தில் அம்மொழி பேசும் எவரும் கட்டணமின்றித் தங்கலாம். இங்கு நடுவே நின்று உறுதி கூறும் மனிதர் இல்லை. மொழியே அறிமுக மடலாய் நிற்கின்றது. எவர்க்கும் தாய்நாட்டு மொழியாக அமையாத ஒன்றை உழைத்துக் கற்றவர், உலக ஒற்றுமையில் விருப்பம் உடையவராகவே இருப்பர் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை. மிதிவண்டியில் நெடும்பயணம் செய்வோர் 1993இல் தமக்கெனத் தனி அமைப்பு ஒன்று கண்டனர். வியர்த்து வருபவர்க்கு வெந்நீர்க் குளியலும் படுக்க இடமும் அளித்தல் அதன் பணி. ஒரே துன்பத்தை அறிந்தவர் ஒருவர்க்கொருவர் இரங்குதல் இயல்பன்றோ?

கணிப்பொறிக் காலம்

1999ஆம் ஆண்டில் கேசி ஃபென்டன் என்னும் அமெரிக்க இளைஞர் ஐஸ்லாந்து நாட்டிற்கு மலிவான விமானச் சீட்டு ஒன்றைப் பெற்றார். அங்குத் தங்க இடமில்லை. அந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் ஏறத்தாழ 1,500 பேர்க்கு மின்னஞ்சல் வாயிலாக எழுதி இடம் வேண்டினார். பலர் வருக என விடையிறுத்தனர். கேட்டால் கொடுப்பதற்கு ஆள் உண்டு என்பதை அந்நிகழ்ச்சி அவர்க்கு உணர்த்தியது. அதன் பயனாக 2004இல் கவுச்சர்ஃபிங் என்னும் இணைய அமைப்பு தொடங்கியது. ஒருவர் இல்லத்தில் தங்கியவரும் தங்கவைத்தவரும் ஒருவரைப்பற்றி ஒருவர் எழுதும் நற்சான்றுகளே அதில் நம்பிக்கைக்கு ஆதாரமாயின.

அது விரைந்து வளர்ந்தது. 2006ஆம் ஆண்டில் கணிப்பொறிப் பழுதால் தகவற்களஞ்சியத்தின் பெரும்பகுதி அழிந்துபோக, அமைப்பு முடிவுற்றது என்றே நிறுவியவர் அறிவித்தார். உறுப்பினர் அதனை ஏற்கவில்லை. தொண்டர்கள் கூடி உழைத்து அதனை மீண்டும் எழுப்பினர். ஊதியம் பெறாது உழைத்தவர்களால் நிலைபெற்ற அமைப்பு அது என்பதை நினைவில் கொள்க.

2011ஆம் ஆண்டில் அவ்வமைப்பு இலாப நோக்குடைய நிறுவனமாக மாற்றப்பட்டது. முதலீட்டாளரிடமிருந்து 76 இலட்சம் டாலர் பெறப்பட்டது. தொண்டாகச் செய்த பணி பிறர் உடைமையாயிற்று என உறுப்பினர் பலர் வருந்தினர். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், நோய்த்தொற்றால் உலகப் பயணமே நின்றிருந்த வேளையில், கட்டணம் செலுத்தினாலன்றி உட்புக இயலாது எனப் பல நாட்டு உறுப்பினர்க்கு அறிவிக்கப்பட்டது. அதுவரை பல்லாண்டுகளாகத் தம் இல்லத்தில் எண்ணற்றோரை இலவசமாகத் தங்கவைத்தவரும் அக்கட்டணத்திற்கு உட்பட்டனர்.

இதில் நிறுவனத்தார் தரப்பும் எண்ணத்தக்கது. கணிப்பொறிகளை இயக்கவும், பணியாளர்க்கு ஊதியம் தரவும் பொருள் வேண்டும். பயணம் நின்றபோது வருவாயும் நின்றது. செர்வாஸ் அமைப்பும் உறுப்பினரிடம் கட்டணம் பெறுகின்றதே எனவும் வினவலாம். வேறுபாடு கட்டணத்தில் இல்லை, உடைமையில் உள்ளது. உறுப்பினர் தாமே கூடி முடிவு செய்து தமக்கு விதித்துக்கொள்ளும் கட்டணம் ஒருவகை. தாம் வளர்த்த தோட்டத்தின் வாயிலில் பிறர் நின்று கேட்கும் கட்டணம் மற்றொருவகை. முன்னது பொறுப்பு, பின்னது விலை. விருந்தோம்பலால் திரண்ட நம்பிக்கையும் ஒரு செல்வமே. அச்செல்வம் யாருடைய பெயரில் இருக்கின்றது என்பதைத் தொடக்கத்திலேயே வினவாதவர் பின்னர் வருந்த நேரும்.

இதனை முன்னரே உணர்ந்த தொண்டர் சிலர் 2007இல் பீவெல்கம் என்னும் அமைப்பைத் தொடங்கினர். பிரான்சு நாட்டில் பதிவுபெற்ற, இலாப நோக்கற்ற தொண்டர் சங்கம் அதனை நடத்துகின்றது. உறுப்பினரிடம் கட்டணம் கேட்பதில்லை. நம் கோயில்கள், பாடசாலைகள், சங்கங்கள் ஆகியவற்றை நடத்துவோரும் இவ்வரலாற்றை ஊன்றிப் படித்தல் நன்று. பொதுத்தொண்டால் எழுந்தது பொதுவுடைமையாகவே நிற்பதற்கு எழுத்து வடிவான ஏற்பாடு முதலிலேயே வேண்டும்.

ஆபத்தையும் அறிக

நன்மையை மட்டும் கூறி ஆபத்தை மறைத்தல் பாடமாகாது. இத்தகைய இணைய அமைப்பின் வாயிலாக வந்த இளம்பெண்ணை மயக்கமருந்து கொடுத்துக் கெடுத்த குற்றத்திற்காக, இத்தாலியின் பாதுவா நகரில் ஒருவர் 2015ஆம் ஆண்டில் தண்டனை பெற்றார். அவர் காவல்துறையைச் சேர்ந்தவர். பதவியும் புறத்தோற்றமும் நல்லொழுக்கத்திற்குச் சான்றாகா என்பதற்கு இதனினும் கசப்பான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எழுத்துச் சான்றுகளுக்கும் ஒரு குறை உண்டு. ஒருவர் வீட்டு உப்பைத் தின்றவர் அவரைக் குறைகூறி எழுதத் தயங்குவார். தாம் குறை எழுதினால் அவரும் தம்மைக் குறை எழுதுவார் என்னும் அச்சமும் சேரும். ஆகவே சான்றுகள் பெரும்பாலும் இனியனவாகவே அமைகின்றன. சொல்லப்படாதவற்றைச் சொல்லப்பட்டவற்றிலிருந்து உய்த்துணரும் அறிவு வேண்டும். நேரில் கண்டு ஆராயும் நடுவர் ஒருவர் இருப்பதன் பயன் இங்குதான் விளங்குகின்றது. பெருந்தொகையினரை விரைந்து சேர்க்க விரும்பும் அமைப்பு இப்பணியைச் செய்ய இயலாது; சிறிதாய் மெல்ல வளரும் அமைப்புக்கே அது இயலும்.

இல்லத்தார் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, இல்லத்திலுள்ள அனைவரின் இசைவு. விருந்தினரை அழைப்பவர் ஒருவர். அடுப்பருகில் நிற்பவர் வேறொருவர் என்னும் நிலை நம் இல்லங்களில் மிகுதி. தாயும் மனைவியும் மருமகளும் மனமுவந்து இசையாத விருந்து, புகழ் ஒருவர்க்கும் உழைப்பு மற்றவர்க்குமாய் முடியும். கண்ணகியை ஏற்றவள் மாதரி. தானே ஏற்றாள், தானே பேணினாள். அழைப்பவர் பாத்திரம் துலக்கவும் தண்ணீர் சேந்தவும் முன்வருவாராயின் அவ்வில்லத்தின் விருந்தோம்பல் முழுமையுறும்.

இரண்டாவது, இல்லத்து ஒழுக்கத்தை முன்கூட்டியே தெளிவாக எழுதுதல். கதிரவன் மறையுமுன் உணவு முடிந்துவிடும். புலாலும் மதுவும் இல்லத்துள் வரலாகாது. கிழங்கு வகைகள் சமைப்பதில்லை என்பனவற்றை முதல் மடலிலேயே கூறிவிட வேண்டும். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. பெருமை பேசுவதற்கும் ஒன்றுமில்லை. அறிந்து இசைபவர் வருவர். இசையாதவர் வேறிடம் நாடுவர். வந்த பின் கூறி மனம் நோகச் செய்தலினும் இது நன்று. இரவு வண்டியில் பசியோடு வருபவர்க்குப் பாலோ பழமோ அளிக்கலாமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் நோன்பிற்கு ஏற்ப முன்பே முடிவு செய்துகொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தை மதித்தல். வெளிநாட்டவரை நம் நாட்டில் இல்லத்தில் தங்கவைப்போர் 24 மணி நேரத்திற்குள் உரிய பதிவு அலுவலர்க்கு அறிவிக்க வேண்டும். உறவினர் இல்லமாயினும் வாடகை பெறாத இல்லமாயினும் இக்கடமை உண்டு. வருபவரின் கடவுச்சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் அவமதிப்பு ஆகாது.

நான்காவது, கைம்மாறு கருதாமை. விருந்தினர் மீண்டும் நம்மை அழைக்க வேண்டும் என எதிர்பார்த்தல் கொடுக்கல் வாங்கல் ஆகிவிடும். இவ்வமைப்புகளில் கைம்மாறு அளித்தவர்க்கே திரும்புவதில்லை. சென்னையில் தங்கியவர் தம் ஊரில் பிரேசில் நாட்டவர்க்கு இடம் தருவார். அவர் வேறொருவர்க்குத் தருவார். நாம் ஏற்றிய விளக்கு நமக்குத் தெரியாத இல்லங்களில் எரிந்துகொண்டிருக்கும்.

விருந்தினர்க்கும் கடமை உண்டு

பயணியாகச் செல்லும் நம் இளைஞரும் சில கடைப்பிடிக்க வேண்டும். குறித்த நேரத்தில் செல்லுதல், குறித்த நாளில் விடைபெறுதல், உண்ட கலத்தைத் தாமே கழுவுதல், இல்லத்தாரோடு அமர்ந்து உரையாடுதல் ஆகியன முதன்மையானவை. இல்லத்தை இலவச விடுதியாகக் கருதி நள்ளிரவில் வந்து விடியலில் செல்பவர், தமக்குப் பின் வரும் பயணிக்கும் அக்கதவை அடைத்துவிடுகின்றார். தம் உணவு நெறியை முன்பே தெரிவித்துவிட்டு, இயலாவிடில் தாமே சமைத்துக்கொள்ள ஆயத்தமாய் இருத்தலும் வேண்டும். பெண்மக்கள் தனியே செல்லுங்கால் தங்கும் இல்லத்தின் முகவரியைப் பெற்றோர்க்கு அறிவித்தலும், மனத்தில் சிறிது ஐயம் எழுந்தாலும் மரியாதை கருதித் தயங்காது உடனே வெளியேறுதலும் கட்டாயமாகும். பெண்பாலார்க்கெனவே 1984இல் இங்கிலாந்தில் தோன்றிய தனி விருந்தோம்பல் அமைப்பும் உண்டு என்பதை அறிக.

முடிவுரை

அடைக்கலம் காக்க இயலாது போனமைக்கு ஆற்றாது மாதரி தீப்புகுந்தாள் என்றும், கவுந்தியடிகள் உண்ணாநோன்பு ஏற்று உயிர் நீத்தார் என்றும் சிலப்பதிகாரம் கூறுகின்றது. அவ்வளவு பெரிதாக அன்று கருதப்பட்ட பொறுப்பு அது. இன்று நம்மிடம் எவரும் அத்தகைய ஈகத்தை எதிர்பார்க்கவில்லை. ஆராய்ந்து, இசைந்து, எல்லை வகுத்து, விலை பேசாது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் அறியாத ஒருவர்க்கு இரண்டு இரவுகள் இடம் கொடுத்தல் நம்மால் இயலுவதே. இயலாதவர் ஒரு பகற்பொழுதும் ஒருவேளை உணவும் அளிக்கலாம்.

சிந்தித்து விடை காண்க

1. விருந்து, சுற்றம் என்பனவற்றிடையே உள்ள வேறுபாடு யாது? நம் இல்லத்திற்கு ஓராண்டில் வந்தவருள் எத்தனைபேர் விருந்தினர், எத்தனைபேர் சுற்றத்தார்?
2. கவுந்தியடிகளின் சொல், உரோமரின் இரு கூறு அடையாளம், செர்வாஸ் அறிமுக மடல், இணைய நற்சான்று ஆகிய நான்கில் எது நம்பிக்கைக்கு உரியது? காரணம் கூறுக.
3. அமைப்பிற்குச் செலுத்தும் கட்டணமும் விருந்தோம்பலுக்குத் தரும் விலையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. உங்கள் இல்லத்திற்கு வரவிருக்கும் அறியாத பயணி ஒருவர்க்கு, உங்கள் இல்லத்து ஒழுக்கத்தை விளக்கி, மனம் நோகாத வகையில் பத்து வரிகளில் ஒரு மடல் எழுதுக. எழுதியதை இல்லத்தார் அனைவர்க்கும் படித்துக் காட்டி அவர் இசைவைப் பெறுக.